கூந்தன்குளம் போகிறவர்கள் முதலில் சிட்டுக்குருவியைப் பாருங்க

கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துக்குப் போகணும், எப்படிப் பார்க்கணும் என்று கேட்கிறவர்களிடம் நான் முதலில் சொல்வது, மூலைக்கரைப்பட்டி பஜாரில் இறங்கி ஒரு டீ குடிங்க. பலசரக்குக் கடை வாசலில் சிந்தின அரிசிக்குச் சிட்டுக்குருவி வரும். பைனாகுலரை எடுத்து அதையே நிதானமாப் பாருங்க. ஆணுக்கு உச்சந்தலை சாம்பல், தொண்டை கறுப்பு. பெண்ணுக்கு அந்தக் கறுப்பு கிடையாது. கண்ணுக்குப் பின்னால் வெளிறின கோடு ஒன்று ஓடும்.

"இதைப் பார்க்கவா திருநெல்வேலியிலிருந்து வந்தோம்?" என்று கூட வந்தவர் முனகுவார். முனகட்டும். குளத்தில் உங்களுக்கு அளவுகோல் இந்தக் குருவிதான். குருவி, மைனா, காக்கா மூன்றின் உருவமும் கண்ணில் பதிந்துவிட்டால், பெயர் தெரியாத பறவையைப் பாதி பிடித்த மாதிரி. தூரத்தில் அளவும் ஏமாற்றும் என்பதால், பக்கத்தில் நிற்கிற தெரிந்த பறவையோடு ஒப்பிடுங்க.

டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை போகலாம். காலையில் கிழக்குக் கரையில் நின்றால் வெயில் முதுகுப் பக்கம் விழும். எட்டு மடங்கு பெரிதாக்கும் பைனாகுலர் போதும். அதற்கு மேல் போனால் கை நடுக்கமும் சேர்ந்து பெரிதாகும்.

வரித்தலை வாத்துதான் எல்லாரும் தேடுவது. வெள்ளைத் தலையின் பின்புறம் இரண்டு கறுப்புப் பட்டை. மங்கோலியா, திபெத் பக்கமிருந்து இமயமலையைத் தாண்டி வருகிறது. ராத்திரி வயலில் மேய்ந்துவிட்டுப் பகலில் குளத்தில் ஓய்வெடுக்கும், அதனால் கொஞ்சம் தாமதமாப் போனாலும் பார்க்கலாம். எதற்காவது கழுத்துப்பட்டை இருந்தால் நிறத்தையும் அதிலுள்ள எழுத்தையும் குறித்துக்கொள்ளுங்க. ஆராய்ச்சிக்காரர்கள் மாட்டியது அது.

எனக்குப் பிடித்தது கொசு உள்ளான். சேற்றோரம் தலையைக் குனிந்து, தையல் மிஷின் ஊசி மாதிரி குத்திக்கொண்டே ஓடும். கால் கறுப்பு, அலகும் கறுப்பு. பஜாரில் பார்த்த குருவியை நினைத்துக்கொள்ளுங்க: அதைவிடக் கொஞ்சம் சிறிசுதான், ஆனால் சைபீரியாவின் வடகோடியில் முட்டையிட்டுவிட்டு இங்கே வந்திருக்கிறது! குளம் நிறைந்து கிடந்தால் இது கண்ணில் படாது. இதற்கு வேண்டியது சேறும் கணுக்கால் தண்ணியும்தான். அப்போது குளத்தை விட்டுவிட்டு, உழுது தண்ணீர் கட்டின வயல்களைப் பாருங்க. மணிமுத்தாறு தண்ணீர் வந்த வருஷமா, மழை எப்படி என்று ஊர்க்காரர்களிடம் ஒரு வார்த்தை கேட்டாலே எங்கே போகணும் என்பது தெரிந்துவிடும்.

வீட்டு வாசல் மரங்களில் கூழைக்கடாவும் மஞ்சள்மூக்கு நாரையும் கூடு கட்டியிருக்கும். அது மக்கள் குடியிருக்கிற தெரு, அனுமதி கேட்டு நில்லுங்க. பறவைக்காகத் தீபாவளி வெடியையே விட்டுக்கொடுத்த ஊர் இது. கை தட்டிப் பறக்கவிட்டுப் படம் எடுக்கிற ஆளை அங்கே யாருக்கும் பிடிக்காது. எனக்கும்தான்.

சாயங்காலம் கருவேல மரங்களுக்குச் சூறைக்குருவிக் கூட்டம் அடையவந்தால் எண்ணிக்கையைப் பத்துப் பத்தாக மதிப்பிடுங்க. வீட்டுக்கு வந்து, பார்த்த பறவைகளைப் பதிவு செய்கிற ஈபேர்ட் (eBird) இணையதளத்தில் பட்டியல் போடும்போது பஜார் குருவியையும் தனிப் பட்டியலாச் சேருங்க. அடையாளம் உறுதியாகாத உள்ளானுக்கு ஊகத்தில் பெயர் வைக்காதீங்க. 'உள்ளான் வகை' என்று போட அதிலேயே இடம் இருக்கிறது.