உபுண்டு அப்கிரேடுக்குப் பிறகு திரை மாறிப்போனால்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தை அப்கிரேடு செய்த மறுநாள் காலையில் எல்லா இடத்திலும் ஒரே புகார்தான்: “எல்லாம் இடம் மாறிக் கிடக்கு.” கடலூர் மஞ்சக்குப்பத்தில் டிடிபி வேலை பார்ப்பவருக்குத் தமிழ் கீபோர்டைக் காணோம். புதுச்சேரியில் பிரெஞ்சுக் கடிதம் அடிப்பவருக்கு எழுத்தின் மேல் குறி விழவில்லை. கல்லூரி ஆய்வகத்தில் வைஃபையைத் தொட்டால் இணைப்பே அணைந்துபோகிறது. இவை எல்லாம் பத்து நிமிடத்தில் தீரக்கூடியவை. பழைய திரையை அன்றைக்கே திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று எடுத்தேன் கவிழ்த்தேன் என இறங்கும்போதுதான், நன்றாக இருந்த கணினியும் லாகின் திரையிலேயே நின்றுவிடுகிறது.

இப்போது இந்தத் தொல்லை அதிகமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. 20.04 பதிப்பின் வழக்கமான ஆதரவு 2025 மே மாதத்தோடு முடிந்தது. அதுவரை மாறாமல் இருந்தவர்கள் ஒரேயடியாக 24.04-க்கு வருகிறார்கள். நேராகத் தாண்ட முடியாது, 22.04 வழியாகத்தான் வர வேண்டும். உள்ளே இருக்கும் க்னோம் இடைமுகம் 3.36-லிருந்து 42-க்கும், பிறகு 46-க்கும் போகிறது. நான்கு ஆண்டு மாற்றங்கள் ஒரே நாளில் கண்முன் வந்து நிற்கின்றன. 22.04-ஐ அடைந்ததும் ஒரு வாரம் அதிலேயே வேலை பார்த்துவிட்டு அடுத்த படி ஏறுவது நல்லது. 22.04-க்கு 2027 ஏப்ரல் வரை ஆதரவு இருக்கிறது, அவசரமே இல்லை.

பார்க்காமலே மாறுவது

புதிய பதிப்பை ஒரு பென் டிரைவில் போட்டு, நிறுவாமலே ஓட்டிப் பார்க்கலாம். 24.04-இன் கோப்பு 5 ஜிபிக்கு மேல் வரும். 8 ஜிபி பென் டிரைவ் போதும். அரை மணி நேரம் அதில் உட்கார்ந்து பிரின்டர், புரொஜெக்டர், வைஃபை, தமிழ் எழுத்துரு நான்கையும் சரிபார்த்துவிட்டால் மறுநாள் அதிர்ச்சி பாதியாகக் குறையும். இதைச் செய்பவர்கள் மிகக் குறைவு.

இரண்டாவது, பழைய நிலையைப் பதிவு செய்யாமல் விடுவது. கைபேசியில் மூன்று படம் எடுத்து வையுங்கள்: டாக்கில் (செயலி ஐகான்கள் நிற்கும் பட்டை) எந்தச் செயலிகள் எந்த வரிசையில் உள்ளன, இன்புட் சோர்சஸ் என்ற கீபோர்டு மொழிப் பட்டியலில் என்ன இருக்கிறது, எந்தெந்த எக்ஸ்டென்ஷன்கள் (க்னோமில் கூடுதல் வசதி சேர்க்கும் சிறு நிரல்கள்) ஓடுகின்றன. “முன்னாடி எப்படி இருந்துச்சு?” என்ற கேள்விக்கு நினைவு சரியான பதில் சொல்லாது, படம் சொல்லும். ஹோம் போல்டரை வெளி டிஸ்கில் நகலெடுக்கும்போது கன்ட்ரோல் + எச் அழுத்தி மறைந்த போல்டர்களையும் சேர்த்து எடுங்கள். உங்கள் அமைப்புகள் பெரும்பாலும் அங்கேதான் இருக்கின்றன. அப்கிரேடு செய்த பிறகு பழைய பதிப்புக்குத் திரும்பும் பொத்தான் எதுவும் கிடையாது. அழித்துவிட்டுப் புதிதாக நிறுவுவது ஒன்றே வழி.

நம் கடற்கரைக்கென்று ஒன்று. ஐப்பசி, கார்த்திகையில் மேசைக் கணினியை அப்கிரேடு செய்யாதீர்கள். 2011-இல் தானே, 2024-இல் ஃபெஞ்சல் என்று புயல் கரையேறும் இடம் இது. புயல் இல்லாத நாளிலும் மழைக்கு மின்சாரம் போகும். பதிவிறக்கம் நடக்கும்போது கரன்ட் போனால் பாதகமில்லை. பொதிகளை (மென்பொருள் பேக்கேஜ்களை) நிறுவிக்கொண்டிருக்கும்போது போனால் அவை பாதியில் நிற்கும். திரையே வராமல் போகலாம். சாதாரண 600 விஏ யூபிஎஸ் கால் மணி நேரம் தாங்கினாலே பெரிது. நிறுவும் வேலை அதைவிட நீளும். பேட்டரி நன்றாக இருக்கும் லேப்டாப்புக்கு இந்தப் பயம் இல்லை.

தமிழ் தட்டச்சு: அதிகம் தடுமாறும் இடம்

“தமிழ் அழிஞ்சு போச்சு” என்று சொல்லிக் கணினியை முழுதாகத் துடைத்துப் புதிதாக நிறுவியவர்கள் உண்டு. தமிழ் அழியவில்லை, அறை மாறியிருக்கிறது. 20.04-இல் கீபோர்டு மொழிகள் ‘ரீஜன் அண்ட் லாங்குவேஜ்’ பக்கத்தில் இருந்தன. 22.04-இலிருந்து அவை ‘கீபோர்டு’ பக்கத்தில், இன்புட் சோர்சஸ் என்ற தலைப்பின் கீழ் வருகின்றன. 24.04-இல் ரீஜன் அண்ட் லாங்குவேஜ் பக்கமே ‘சிஸ்டம்’ என்பதற்குள் போய்விட்டது. அதனால் பழைய இடத்தில் தேடுபவருக்கு ஒன்றும் கிடைக்காது.

அங்கே போய்க் கூட்டல் குறியை அழுத்தித் தமிழைத் தேர்ந்தெடுக்கும்போதுதான் அடுத்த தவறு நடக்கிறது. பட்டியலில் தமிழ்99 என்ற கீபோர்டு முறை இரண்டு வடிவத்தில் வரும். ஒன்று, தமிழ்நெட் 99 என்ற பெயரில் வரும் வெறும் விசை வரிசை. மற்றொன்று, பெயருக்குப் பக்கத்தில் எம்17என் என்று இருப்பது. முதலாவது ஒரு விசைக்கு ஓர் எழுத்து என்று மட்டுமே அறியும். முன்னால் அடித்த எழுத்து என்ன என்று பார்க்கத் தெரியாது. தமிழ்99-இன் உயிரே, முந்தைய எழுத்தைப் பார்த்துத் தானாகப் புள்ளி வைப்பதில் இருக்கிறது. அதைச் செய்வது எம்17என் வகை. பெயர் ஒன்றுபோல இருப்பதால் முதலாவதைத் தேர்ந்தெடுத்துவிட்டு, “புது வெர்ஷன்ல தமிழ்99 சரியா வேலை செய்யல” என்று ஒதுக்கிவிடுகிறார்கள்.

சோதிக்க ஒரு சொல் போதும். ப, உ, த, உ, ச, ச, ஏ, ர, இ என்று ஒன்பது விசைகளைத் தட்டுங்கள். புள்ளி விசையைத் தொடவே கூடாது. ‘புதுச்சேரி’ என்று முழுதாக விழுந்தால் சரியான வகையில் இருக்கிறீர்கள். இரண்டு ச-வும் புள்ளி இல்லாமல் தனித்தனியாக நின்றால் தவறான வகை. அதை நீக்கிவிட்டு மற்றதைச் சேருங்கள்.

எம்17என் வகை பட்டியலிலேயே இல்லை என்றால் ஐபஸ்-எம்17என் என்ற பொதி நிறுவப்படவில்லை என்று பொருள். அதை நிறுவிய கையோடு பட்டியலைத் திறந்து பார்த்து, “இன்னும் வரல” என்று மீண்டும் மீண்டும் நிறுவுவது வழக்கமாகப் பார்க்கும் தவறு. ஒருமுறை லாக் அவுட் செய்து உள்ளே வந்தால்தான் புதிய முறை கண்ணில் படும்.

மொழி மாற்ற விண்டோஸ் கீயும் ஸ்பேஸும் சேர்ந்தது போதும். வலது மேல் மூலையில் எந்த மொழி நடப்பில் இருக்கிறது என்று தெரியும். ஒரு பக்கம் தமிழ் ஆவணம், மறுபக்கம் ஆங்கில மின்னஞ்சல் என்று வேலை பார்ப்பவர்கள், ஒவ்வொரு விண்டோவுக்கும் தனி மொழி வைத்துக்கொள்ளும் தேர்வை அதே கீபோர்டு பக்கத்தில் இயக்கிக்கொண்டால் தட்டிக்கொண்டே இருக்கும் வேலை மிச்சம்.

புதுச்சேரியில் மூன்றாவதாகப் பிரெஞ்சும் சேரும்போது இன்னொரு சிக்கல் முளைக்கிறது. பிரெஞ்சு அஸெர்ட்டி வரிசையைச் சேர்த்துவிட்டு, அதே நிலையில் திரையைப் பூட்டிவிட்டுப் போவார்கள். திரும்பி வந்து கடவுச்சொல் அடித்தால் தவறு என்று வரும். அஸெர்ட்டியில் ‘ஏ’யும் ‘க்யூ’வும் இடம் மாறியவை, ‘டபிள்யூ’வும் ‘இசட்’டும் அப்படியே. கடவுச்சொல் மறந்துவிட்டது என்று பதறுவதற்கு முன், பூட்டுத் திரையின் மேல் மூலையில் எந்த மொழி இருக்கிறது என்று பாருங்கள். மாதத்துக்கு நாலு பிரெஞ்சுக் கடிதம் மட்டும் அடிப்பவருக்கு அஸெர்ட்டியே தேவையில்லை. கீபோர்டு பக்கத்தில் ‘கம்போஸ் கீ’ என்ற தேர்வு இருக்கிறது. வலது ஆல்ட் விசையை அதற்கு ஒதுக்குங்கள். அதை அழுத்தி விட்டு, ஒற்றை மேற்கோள் குறி, பிறகு ஆங்கில ‘ஈ’ என்று தட்டினால் மேற்குறியோடு எழுத்து விழும். காற்புள்ளியும் ‘சி’யும் தட்டினால் வால் வைத்த ‘சி’ வரும்.

எக்ஸ்டென்ஷனை வம்படியாக ஓட்டுவது

22.04-இலிருந்து 24.04-க்கு வந்ததும் உங்கள் எக்ஸ்டென்ஷன்கள் பெரும்பாலும் படுத்துவிடும். 2023-இல் வந்த க்னோம் 45-இல், எக்ஸ்டென்ஷன் எழுதும் முறையின் அடிப்படையே மாறியது. 44-க்கும் அதற்கு முன்னும் எழுதப்பட்டவை, எழுதியவரே திருத்தி வெளியிட்டால் ஒழிய 46-இல் ஏறாது.

இந்த இடத்தில், எக்ஸ்டென்ஷனின் விவரக் கோப்பைத் திறந்து, ஆதரிக்கும் பதிப்பு என்ற இடத்தில் 46 என்று சேர்த்தால் போதும் என ஒரு குறுக்கு வழியைச் சொல்வார்கள். முன்காலத்தில் அது சில சமயம் பலித்தது. இப்போது பலிக்காது, ஏனென்றால் மாறியது எண் மட்டும் கிடையாது. வாசல் பெயர்ப்பலகையை மாற்றினாலும் உள்ளே இருக்கும் நிரல் பழையதுதான். பிழைச் செய்தி மட்டும் மிஞ்சும்.

அப்கிரேடு தொடங்குவதற்கு முன்பே எக்ஸ்டென்ஷன்ஸ் செயலியின் மேலே இருக்கும் மொத்த சுவிட்சை அணைத்துவிடுங்கள். புதிய பதிப்பில் நுழைந்ததும் டாக்கை மட்டும் இயக்கி இரண்டு நாள் வேலை பாருங்கள். பலருக்குப் பாதி எக்ஸ்டென்ஷன் தேவையே இல்லை என்று அப்போது தெரியவரும். டாக்கின் இடம், ஐகான் அளவு, தானாக மறைவது எல்லாம் 24.04-இல் ‘உபுண்டு டெஸ்க்டாப்’ என்ற பக்கத்திலேயே இருக்கின்றன. 22.04-இல் அதே விஷயங்கள் ‘அப்பியரன்ஸ்’ பக்கத்தில். புதிய ஐகான்கள் கீழ் வலது மூலையில் போய் உட்காருவதை மாற்றும் தேர்வும் அங்கேயே உண்டு.

இன்னும் வேண்டியதை ஒவ்வொன்றாகச் சேர்த்து, ஒவ்வொன்றுக்கும் ஒருமுறை லாக் அவுட் செய்து வாருங்கள். ஆல்ட் + எஃப்2 அடித்து ‘ஆர்’ போட்டுத் திரையைப் புதுப்பிக்கும் பழைய பழக்கம், திரையைக் கையாளும் புதிய முறையான வேலண்டில் செல்லாது. ஒருவேளை உள்ளே நுழையவே முடியாமல் போனால், கன்ட்ரோல் + ஆல்ட் + எஃப்3 அழுத்தி எழுத்துத் திரைக்குப் போய் லாகின் செய்து, ஹோமில் மறைந்திருக்கும் ‘.லோக்கல்’ போல்டருக்குள் ‘ஷேர்’, அதற்குள் ‘க்னோம்-ஷெல்’, அதற்குள் இருக்கும் எக்ஸ்டென்ஷன்ஸ் போல்டரின் பெயரை மட்டும் மாற்றுங்கள். அழிக்க வேண்டாம். டாக் போன்ற உபுண்டுவின் சொந்த எக்ஸ்டென்ஷன்கள் வேறு இடத்தில் இருப்பதால் அவற்றுக்கு ஒன்றும் ஆகாது.

கை பழகிய இடத்தில் தட்டுவது

24.04-இன் வலது மேல் மூலை மெனுவில் வைஃபை, புளூடூத் எல்லாம் மாத்திரை வடிவப் பொத்தான்களாக இருக்கும். முன்பு வைஃபை வரியைத் தொட்டால் பட்டியல் விரியும். இப்போது பொத்தானின் பெயர்ப் பகுதியைத் தொட்டால் அது அணையும். பக்கத்தில் உள்ள சிறிய அம்புக்குறியைத் தொட்டால்தான் நெட்வொர்க்குகள் தெரியும். ஆய்வகத்தில் “நெட் போகுது போகுது” என்றால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, எந்த இடத்தில் தொட்டீர்கள் என்பதே.

இடது மேல் மூலையில் ‘ஆக்டிவிட்டீஸ்’ என்ற சொல்லும் போய்விட்டது. அதன் இடத்தில் ஒரு நீளக் கோடும் புள்ளிகளும் இருக்கும். கோடு நீங்கள் இருக்கும் பணிவெளி (வொர்க்ஸ்பேஸ்), புள்ளிகள் மற்றவை. மேலிருந்து கீழாக அடுக்கியிருந்த பணிவெளிகள் 22.04-இலேயே இடம்-வலமாகப் படுத்துவிட்டன. கன்ட்ரோல் + ஆல்ட்டோடு மேல், கீழ் அம்புகளைத் தட்டிப் பழகிய கை இனி இடது, வலது அம்புகளுக்கு மாற வேண்டும். விண்டோஸ் கீ + பேஜ் அப், பேஜ் டவுன் பழையபடியே வேலை செய்வதால், திசை குழம்புபவர்கள் அதைப் பிடித்துக்கொள்ளலாம்.

ஸ்கிரீன்ஷாட்டைக் காணோம் என்பவர்கள் பிக்சர்ஸ் போல்டருக்குள் ‘ஸ்கிரீன்ஷாட்ஸ்’ என்ற உள்போல்டரைப் பாருங்கள்.

தீம், இரண்டாவது டெஸ்க்டாப், பிரவுசர்

பழைய தீமைப் போட்டால் சில விண்டோக்கள் மாறும், சில மாறாது. லிப்அத்வைதா என்ற க்னோமின் புதிய நிரல் தொகுப்பில் எழுதப்பட்ட செயலிகள் பழைய தீம்களைக் கண்டுகொள்வதில்லை. அதை மீற, ‘.கான்ஃபிக்’ போல்டருக்குள் ஜிடிகே-4.0 என்ற போல்டரில் தீம் கோப்புகளைத் திணித்தவர்களுக்குத்தான் பிறகு பொத்தான்களும் எழுத்தும் ஒரே நிறத்தில் கலந்து தெரியாமல் போகிறது. அந்தப் போல்டரின் பெயரை மாற்றிவிட்டால் சரியாகும்.

க்னோம் பிடிக்கவில்லை என்று அதே கணினியில் கேடிஈ, எக்ஸ்எஃப்சிஈ என்று வேறு டெஸ்க்டாப்களை மேலே மேலே ஏற்றவும் வேண்டாம். கோப்பு மேலாளர் இரண்டு, செட்டிங்ஸ் இரண்டு என்று பெருகும். பின்னர் நீக்குவது சேர்த்ததைவிடச் சிரமம். 2 ஜிபி ரேம் உள்ள பழைய இலவச லேப்டாப் என்றால் 24.04 க்னோம் அதற்கு ஏற்றதே அல்ல; உபுண்டுவின் இலகுவான வகைகளான சுபுண்டு அல்லது லுபுண்டுவைத் தனியாக, சுத்தமாக நிறுவுங்கள்.

பயர்பாக்ஸ் 22.04-இலிருந்து ஸ்னாப் என்ற உபுண்டுவின் புதிய பொதி வடிவில் வருகிறது. உங்கள் புக்மார்க்குகள் ‘ஸ்னாப்’ போல்டருக்குள் குடியேறிவிடும். ஸ்னாப்பை நீக்கி வேறு வழியில் பயர்பாக்ஸ் போட்டால், அது மறைந்திருக்கும் பழைய ‘.மொசில்லா’ போல்டரைத் திறக்கும். இடையில் சேர்த்தவை அதில் இருக்காது. நீக்குவதற்கு முன் புக்மார்க்குகளையும் கடவுச்சொற்களையும் ஏற்றுமதி செய்துவிடுங்கள்.

தொலைவிலிருந்து திரையைப் பிடித்து இயக்கும் சில செயலிகள் வேலண்டில் வேலை செய்யாது. லாகின் திரையில் உங்கள் பெயரைத் தொட்ட பிறகு கீழ் வலது மூலையில் ஒரு பல்சக்கரம் தோன்றும். அதில் ‘உபுண்டு ஆன் எக்ஸ்ஆர்க்’ என்பதை (வேலண்டுக்கு முந்தைய திரை முறை) தேர்ந்தால் அன்றைய வேலை ஓடும். 25.10-இல் அந்தத் தேர்வே நீக்கப்பட்டுவிட்டது. ஆகவே வேலண்டில் ஓடும் மாற்றுச் செயலியை இப்போதே தேடிக்கொள்ளுங்கள்.

எந்தக் கோளாறானாலும், எதையும் நீக்குவதற்கு முன் செட்டிங்ஸில் சிஸ்டம், யூசர்ஸ் பக்கத்தில் ‘சோதனை’ என்று ஒரு புதிய பயனரைச் சேர்த்து அதில் நுழைந்து பாருங்கள். அங்கே எல்லாம் சரியாக ஓடினால் கோளாறு உங்கள் ஹோம் போல்டரில் தங்கிவிட்ட பழைய அமைப்பில் இருக்கிறது. அங்கேயும் அதே கோளாறு இருந்தால்தான் டிரைவரையோ பொதிகளையோ பார்க்க வேண்டும்.