செயற்கைக்கோள் இணையம் வாங்கப் போகிறீர்களா? எத்தனை எம்பிபிஎஸ் வேகம் என்ற கேள்வியைக் கடைசியாகக் கேளுங்கள்

ஃபைபர் எட்டாத இடத்துக்கு இணையம் வேண்டும் என்று என்னைக் கூப்பிடுகிறவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது, "எத்தனை எம்பிபிஎஸ் வரும்?" (நொடிக்கு எத்தனை மெகாபிட் என்ற வேக அளவு அது.) இருபது வருஷத்துக்கு மேலாக டிஷ் நட்டும், மோடம் மாற்றியும், மழையில் நனைந்து கேபிள் இழுத்தும் பழகியவன் நான். அந்தக் கேள்விக்கு முன்னால் கேட்க வேண்டியவை நிறைய இருக்கின்றன. அவற்றைக் கேட்காமல் வாங்கியவர்கள், வேகம் இருந்தும் வேலை நடக்காமல் தவித்ததைப் பல இடங்களில் பார்த்துவிட்டேன். ஆகவே, நான் ஒரு இடத்துக்குப் போனால் என்ன வரிசையில் வேலை செய்வேனோ, அந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

முதலில் ஒரு தாளும் பேனாவும்

அங்கே இணையத்தை வைத்து என்னென்ன செய்யப் போகிறார்கள் என்று ஒவ்வொன்றாக எழுதுங்கள். பக்கத்தில், ஒரே நேரத்தில் எத்தனை பேர், எந்த மணிக்கு என்றும் எழுதுங்கள். வீடியோ பார்ப்பது ஒரு வகை. சில நொடி முன்னே பின்னே வந்தாலும் குறையில்லை. முகம் பார்த்துப் பேசுவது வேறு வகை. தாமதம் அங்கே உடனே தெரியும். பெரிய கோப்புகளை மேலே அனுப்புவது மூன்றாவது வகை. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருப்பது இறங்கும் வேகம். ஏறும் வேகம் அதில் பத்தில் ஒரு பங்காகக்கூட இருக்கலாம்.

அளவையும் கணக்குப் போடுங்கள். 5 எம்பிபிஎஸ் வேகத்தில் ஓடும் வீடியோ, ஒரு மணி நேரத்தில் 2.25 ஜிபி தின்றுவிடும். நான்கு பேர் தினமும் இரண்டு மணி நேரம் பார்த்தால் நாளுக்கு 18 ஜிபி. மாத வரம்பு 100 ஜிபி என்றால் ஆறாம் நாளே தீர்ந்துவிடும். இந்தப் பெருக்கலை வாங்கும் முன் போட்டுப் பார்ப்பவர்கள் மிகக் குறைவு.

எந்த உயரத்துச் செயற்கைக்கோள்?

எல்லாவற்றையும் தீர்மானிப்பது இந்தக் கேள்விதான். புவிநிலைச் சுற்றுப்பாதை, அதாவது செயற்கைக்கோள் பூமியோடே சுற்றி வானத்தில் ஒரே இடத்தில் நிற்பதுபோல் தெரியும் பாதை, நிலநடுக்கோட்டுக்கு மேலே 35,786 கிலோமீட்டரில் இருக்கிறது. ஒளி நொடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் போனாலும், ஏறி இறங்கக் கால் நொடி ஆகிறது. பதில் வர இன்னொரு கால் நொடி. இடையிலுள்ள கருவிகளின் தாமதமும் சேர்ந்தால் பிங், அதாவது கேள்வி போய்ப் பதில் திரும்பி வரும் நேரம், 600 மில்லிசெகண்டைத் தொடும். பேச்சுக்கு ஒருவழித் தாமதம் 150 மில்லிசெகண்டுக்குள் இருப்பது நல்லது என்கிறது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஜி.114 பரிந்துரை. புவிநிலையில் அது நடக்காத காரியம். பேசலாம், ஆனால் ஒருவர் முடித்ததும் ஒரு கணம் பொறுத்து மற்றவர் தொடங்கப் பழக வேண்டும்.

நடு உயரத்தில், 8,062 கிலோமீட்டரில், 2013 முதல் ஓ3பி என்ற பெயருள்ள செயற்கைக்கோள்கள் சுற்றுகின்றன. அங்கே பிங் சுமார் 150 மில்லிசெகண்ட். பெரும்பாலும் கப்பல்கள், தீவுகள், பெரிய நிறுவனங்களுக்கான சேவை அது. தாழ்வான பாதையில் ஸ்டார்லிங்க் சுமார் 550 கிலோமீட்டரிலும், ஒன்வெப் 1,200 கிலோமீட்டரிலும் இருக்கின்றன. பிங் நூறுக்குள் அடங்கிவிடும். வீடியோ அழைப்பு, விளையாட்டு, தொலைவிலிருந்து கணினியை இயக்குவது எல்லாம் ஃபைபருக்கு நெருக்கமாக நடக்கும்.

அப்படியானால் எல்லோரும் தாழ்வான பாதைக்கே போய்விடலாமா? அவசரப்பட வேண்டாம். ஒரே பாடத்தை 200 பள்ளிகளுக்கு அனுப்ப வேண்டும், பாடம் 2 ஜிபி என்று வையுங்கள். ஒவ்வொரு பள்ளியும் தனித்தனியாக இறக்கினால் 400 ஜிபி. புவிநிலைச் செயற்கைக்கோளில் மல்டிகாஸ்ட் முறையில் ஒரே ஒரு தடவை அனுப்பினால், அதே 2 ஜிபியை 200 டிஷ்களும் ஒரே சமயத்தில் பிடித்துக்கொள்ளும். பள்ளியில் ஒரு சிறிய சர்வர் வைத்து, இரவில் இறக்கி, காலையில் வகுப்பில் போடலாம். வானத்திலிருந்து ஒன்றைச் சொன்னால் ஒரு கண்டமே கேட்கும் என்பதுதான் செயற்கைக்கோளின் ஆதி பலம். எனக்குப் பிடித்த வேலையும் இதுதான். பல்லூடகக் கல்விக்குத் திட்டம் போடுகிறவர்கள் வேகத்தின் பின்னால் ஓடி இதை மறந்துவிடுவது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

நிறுவனம் நிலைக்குமா என்பதையும் இங்கேயே பார்த்துவிடுங்கள். இந்தச் சந்தை வளர்கிறது என்ற பேச்சு புதிதல்ல. 66 செயற்கைக்கோள்களோடு 1998 நவம்பரில் சேவை தொடங்கிய செயற்கைக்கோள் ஃபோன் நிறுவனமான இரிடியம், 1999 ஆகஸ்டில் திவால் மனு போட்டது. டெலிடெசிக் என்ற செயற்கைக்கோள் இணைய நிறுவனம் நூற்றுக்கணக்கான செயற்கைக்கோள்கள் என்று கனவு கண்டு, 2002இல் வேலையை நிறுத்தியது. ஒன்வெப்பும் 2020 மார்ச்சில் திவால் மனு போட்டு, புது முதலாளிகள் வந்தபின் மீண்டது. இப்போது நிலைமை மாறியிருப்பதற்குக் காரணங்கள் உண்டு. திரும்ப இறங்கும் ராக்கெட்டால் ஏவும் செலவு குறைந்திருக்கிறது. நகராமலே ரேடியோ அலைக் கற்றையைத் திருப்பும் தட்டை ஆண்டெனா வீட்டுக்கே வந்துவிட்டது. ஒரு பெரிய கற்றைக்குப் பதில் ஆளுக்கொரு சிறு பகுதியை மட்டும் தொடும் பல சிறு கற்றைகளால் (ஸ்பாட் பீம்) அலைவரிசையைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்த முடிகிறது. 2011இல் போன வியாசாட்-1 என்ற ஒரே செயற்கைக்கோள் தனியாகவே நொடிக்குச் சுமார் 140 கிகாபிட் திறன் கொண்டது. ஆனாலும் ஒரு நிறுவனத்தின் டெர்மினல் (ஆண்டெனாவும் மோடமும் சேர்ந்த கருவி) இன்னொன்றின் செயற்கைக்கோளோடு பேசாது. ஆகவே மூன்று வருஷ ஒப்பந்தம் கேட்டால் ஒரு வருஷத்துக்குப் பேசுங்கள். கருவியை வாடகைக்குத் தருவார்களா என்றும் கேளுங்கள். உங்கள் நாட்டின் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் அந்தச் சேவைக்கு உரிமம் கொடுத்திருக்கிறதா என்பதை விற்பவர் வாயால் கேட்டு விட்டுவிடாமல் எழுத்தில் வாங்குங்கள்.

விபிஎன் வைத்திருப்பவர்கள் நின்று படிக்க வேண்டியது

விபிஎன் என்பது இணையத்துக்குள்ளேயே தரவைப் பூட்டி அனுப்பும் தனிப்பாதை. அதை வைத்திருந்த ஒரு சிறு மருத்துவமனை. புவிநிலை இணைப்பு, 10 எம்பிபிஎஸ். ஸ்கேன் படங்களைத் தொலைவிலுள்ள நிபுணருக்கு அனுப்ப வேண்டும். வேகச் சோதனை போட்டால் 9க்கு மேல் காட்டுகிறது. ஆனால் 50 எம்பி ஸ்கேன் ஒன்று போய்ச் சேர எட்டு நிமிஷம் ஆகிறது. நோயாளி மேஜைமேல் படுத்திருக்கிறார். கேபிளை மாற்றினேன். டிஷ்ஷை மறுபடி திருப்பினேன். மோடத்தையே மாற்றினேன். இரண்டு நாள் போயிற்று. மூன்றாம் நாள் விபிஎன்னை அணைத்துவிட்டு ஒரு சோதனைக் கோப்பை அனுப்பிப் பார்த்தேன். முக்கால் நிமிஷத்தில் போய்விட்டது.

காரணம் இதுதான். டிசிபி என்பது தரவு தவறாமல் போய்ச் சேர்வதை உறுதிசெய்யும் இணைய விதிமுறை. அந்த முறையில் அனுப்புகிற கணினி ஒரு குறிப்பிட்ட அளவு தரவை அனுப்பிவிட்டு, 'வந்து சேர்ந்தது' என்ற பதிலுக்காகக் காத்திருக்கும். அந்த அளவுக்கு விண்டோ என்று பெயர். பழைய சர்வரில் அது 64 கேபி. பதில் வர 0.6 நொடி. நொடிக்குக் கணக்கிட்டால் சுமார் 0.87 எம்பிபிஎஸ். குழாய் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அதற்குமேல் ஓடாது. சாதாரணமாகச் செயற்கைக்கோள் மோடமே இந்தப் பக்கமிருந்து பதிலைக் கொடுத்து அனுப்புகிறவரை ஏமாற்றி வைத்திருக்கும். இந்த ஏற்பாட்டுக்கு முடுக்கி என்று பெயர். அதனால் யாருக்கும் குறை தெரியாது. விபிஎன் போட்டதும் தரவுப் பொதியின் தலைப்பு மூடிக்கொள்கிறது, மோடத்தால் உள்ளே பார்க்க முடியவில்லை, முடுக்கி வேலை செய்யவில்லை.

சர்வரில் விண்டோவை 64 கேபிக்கு மேல் வளரவிடும் 'விண்டோ ஸ்கேலிங்' வசதியை இயக்கி அளவைக் கூட்டியதும் விபிஎன்னோடே சரியானது. ஆகவே ஒப்பந்தத்துக்கு முன் கேளுங்கள்: "எங்கள் விபிஎன் வழியாக ஒரே கோப்பை அனுப்பினால் என்ன வேகம் வரும்? செய்து காட்டுவீர்களா?" பல இணைப்புகளை ஒரே நேரத்தில் திறக்கும் வேகச் சோதனை இந்தக் குறையை மறைத்துவிடும்.

வானம்

புவிநிலை டிஷ்ஷுக்கு வானத்தில் ஒரு சிறு துளை போதும். அந்தத் துளையில் மட்டும் எதுவும் குறுக்கே வரக்கூடாது. தாழ்வான பாதையின் ஆண்டெனாவுக்கு அகன்ற வானம் வேண்டும், ஏனென்றால் செயற்கைக்கோள்கள் சில நிமிஷங்களுக்கு ஒன்றாக மாறிக்கொண்டே இருக்கும். ஒரு மூலையில் மரம் மறைத்தால், செயற்கைக்கோள் அந்த மூலைக்குப் போகும்போதெல்லாம் அழைப்பு அறுபடும். சராசரி வேகம் அழகாகவே இருக்கும். அழைப்பு மட்டும் அறுந்து அறுந்து போகும். ஃபோன் கேமராவால் வானத்தைச் சுழற்றிப் பார்த்துத் தடையைச் சொல்லும் செயலியைச் சேவை நிறுவனங்களே தருகின்றன. நிற்கிற இடத்தில் பார்க்காதீர்கள். ஆண்டெனா வரப்போகும் உயரத்தில் ஃபோனைப் பிடித்துப் பாருங்கள். மரம் வளரும், ஈர இலை காய்ந்த இலையைவிட அதிகம் மறைக்கும் என்பதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

மழைக்கு அலைவரிசை முக்கியம். செயற்கைக்கோள் இணையத்தில் புழங்கும் அலைவரிசைகளில் கேயு பாண்ட் ஓரளவு தாங்கும். அதைவிட உயர்ந்த கேஏ பாண்ட் கனமழையில் அதிகம் சோரும். இன்றைய மோடம்கள் மழை வந்தால் தாமாகவே மெதுவான, உறுதியான குறியீட்டுக்கு இறங்கி இணைப்பைக் காப்பாற்றும். அதாவது வேகம் குறையும், பெரும்பாலும் அறுந்துபோகாது. '99.5 சதவீதம் கிடைக்கும்' என்று எழுதியிருந்தால் வருஷத்தில் சுமார் 44 மணி நேரம் கிடைக்காது என்று படியுங்கள். 99.9 என்றால் சுமார் 9 மணி நேரம். அந்த மணிகள் வருஷம் முழுக்கச் சமமாகப் பரவி வருவதில்லை. புயலடிக்கிற நாளில் மொத்தமாக வரும், இணைப்பு மிகவும் தேவைப்படுகிற நாளும் அதுதான். புவிநிலையில் இன்னொன்றும் உண்டு. மார்ச், செப்டம்பர் மாதங்களை ஒட்டிச் சில நாட்கள், சூரியன் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வரும்போது சில நிமிஷம் சிக்னல் மங்கும். அது கோளாறு இல்லை. யாரையும் கூப்பிட வேண்டாம்.

பங்கு போடும் கணக்கு சுருக்கம். ஒரு பீமின் (கற்றையின்) திறனை அந்தப் பகுதியில் எல்லோரும் பகிர்கிறார்கள். "உச்ச வேகம் எவ்வளவு" என்பதை விட்டுவிட்டு, "இரவு ஒன்பது மணிக்கு உறுதியான குறைந்தபட்ச வேகம் எவ்வளவு" என்று கேளுங்கள்.

டிஷ் நடும் நாள்

தட்டை ஆண்டெனா தானே செயற்கைக்கோளைத் தேடிக்கொள்ளும். அதை ஆடாமல் மாட்டினால் போதும். புவிநிலை டிஷ்ஷுக்குத்தான் கை வேண்டும்.

கம்பம் நேராக நிற்க வேண்டும். மட்டப்பலகையை ஒரு பக்கம் வைத்துப் பார்த்துவிட்டு, கம்பத்தைச் சுற்றிக் கால் வட்டம் தள்ளி மறுபடி வையுங்கள். இரண்டு இடத்திலும் குமிழி நடுவில் நிற்க வேண்டும். கம்பம் சாய்ந்திருந்தால் பக்கவாட்டில் திருப்பும்போதெல்லாம் உயரக் கோணமும் மாறிக்கொண்டே போகும். நாள் முழுக்கத் தேடினாலும் சிக்னல் சிக்காது.

75 சென்டிமீட்டர் டிஷ், 30 கிகாஹெர்ட்ஸில் அனுப்புகிறது என்றால் கற்றையின் அகலம் ஒரு டிகிரிக்கும் சற்றுக் குறைவு. டிஷ்ஷின் ஒரு விளிம்பு எதிர் விளிம்பைவிட 4 மில்லிமீட்டர் தள்ளினால் 0.3 டிகிரி போய்விட்டது. அனுப்பும் சக்தியில் கால் பங்கு வீண். ஆகவே உச்சத்தைக் கண்ணால் பிடிக்காதீர்கள். உங்கள் இடத்துக்கான அட்டவணையில் உள்ள உயரக் கோணத்தை வைத்துவிட்டு, டிஷ்ஷைப் பக்கவாட்டில் மிக மெதுவாகத் திருப்புங்கள். சிக்னல் மீட்டர் ஏறி, உச்சம் தாண்டி இறங்கும். இடப்பக்கம் ஒரு குறிப்பிட்ட அளவு இறங்கிய இடத்தில் கம்பத்தில் பென்சிலால் கோடு போடுங்கள். வலப்பக்கம் அதே அளவு இறங்கும் இடத்தில் இன்னொரு கோடு. இரண்டுக்கும் நட்டநடுவே டிஷ்ஷை நிறுத்துங்கள். உயரக் கோணத்துக்கும் இதையே செய்யுங்கள். நட்டுகளை மாற்றி மாற்றி, கால் சுற்று கால் சுற்றாக, மீட்டரைப் பார்த்துக்கொண்டே இறுக்குங்கள்; ஒன்றை முழுசாக முறுக்கினால் டிஷ் அந்தப் பக்கமே இழுத்துக்கொண்டு போகும். அனுப்பும் கருவி இயங்கும்போது ஃபீடுக்கும் (டிஷ்ஷின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் முனை) டிஷ்ஷுக்கும் இடையில் தலையையோ கையையோ நீட்டாதீர்கள். இடிக்கு எர்த் கம்பியும் அன்றைக்கே போட்டுவிடுங்கள்.

கேபிளைக் கருவிக்குள் செருகுமுன் கீழே ஒரு வளைவு தொங்கவிடுங்கள், மழைத்தண்ணீர் அங்கிருந்து சொட்டிவிடும். கனெக்டரைத் தானாக ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பால் சுற்றுங்கள். ஒரு வருஷம் கழித்து வேகம் காரணமில்லாமல் குறைந்தால், நான் முதலில் அவிழ்ப்பது இந்த கனெக்டரைத்தான்; நடு செப்புக்கம்பி பச்சை பூத்திருந்தால் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது.

மின்சாரத்தையும் மறக்க வேண்டாம். 75 வாட் இழுக்கும் டெர்மினல் இருபத்திநாலு மணி நேரத்தில் 1.8 யூனிட் எடுக்கும். சூரியத் தகடு வைக்கிற இடத்தில் பாட்டரி அளவை இதை வைத்தே தீர்மானியுங்கள்.

முதல் வாரம் காலை, மதியம், இரவு மூன்று வேளையும் பிங், இறங்கும் வேகம், ஏறும் வேகம், மோடம் காட்டும் சிக்னல் அளவு, வெளியே வானம் எப்படி என்று எழுதி வையுங்கள். அந்தத் தாளைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு மோடம் பக்கத்திலேயே ஒட்டுங்கள். இரண்டு வருஷம் கழித்து இணைப்பு மந்தமாகிறது என்று நீங்கள் கூப்பிட்டு ஒருவர் வந்தால், டிஷ் அசைந்ததா, கேபிள் கெட்டதா, பீமில் கூட்டம் கூடியதா என்று அந்தத் தாளைப் பார்த்தே அவரால் பத்து நிமிஷத்தில் சொல்ல முடியும்.