நடுப்பகலில் மாறிய தேதி

இரண்டு நாட்டு நேரம் காட்டும் என் மெக்கானிகல் வாட்ச்சில் தேதி பகல் பன்னிரண்டுக்கு மாறிக்கொண்டிருந்தது. பழுது என்றே நினைத்தேன். தப்பு என்னுடையது. இரண்டாவது நாட்டு நேரம் காட்டும் ஜிஎம்டி முள் 24 மணி நேரத்துக்கு ஒரே சுற்று, அதில் இரவு பகல் குழப்பமே கிடையாது. சாதாரண மணி முள் அதே நேரத்தில் இரண்டு சுற்று வந்துவிடும். தேதி அதோடுதான் பிணைந்திருக்கிறது. காலை எட்டை இரவு எட்டாக வைத்திருக்கிறேன்!

கிரவுனை (பக்கவாட்டில் இருக்கும் திருகு) நடு நிலைக்கு இழுத்து, மணி முள்ளை மட்டும் பின்னோக்கி, தாவலுக்கு ஒரு மணி நேரமாக, 12 தாவல் தாவவிட்டேன். தேதியும் ஒரு நாள் பின்வாங்கியது (எல்லா வாட்ச்சிலும் வாங்காது). நிமிட முள்ளும் ஜிஎம்டி முள்ளும் அசையவே இல்லை. அன்று நள்ளிரவு விழித்திருந்து பார்த்தேன், சரியாக மாறியது.

அப்புறம் ஒன்று: அரை மணி வித்தியாசமுள்ள ஊர்களுக்கு இந்தத் தாவல் போதாது. நிமிட முள் ஒன்றுதானே.