மக்கும் பிளாஸ்டிக்கை பாக்டீரியாவிடம் ஒப்படைப்பது எப்படி

‘மக்கும்’ என்று அச்சிட்ட டம்ளர் ஒன்றைத் தோட்டத்து மண்ணில் புதைத்து, ஒரு வருடம் கழித்துத் தோண்டினேன். கழுவித் தண்ணீர் குடிக்கலாம் போல அப்படியே இருந்தது. அன்று எனக்கு வந்த வருத்தம் உங்களுக்கு வரக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

அது பி.எல்.ஏ. (லாக்டிக் அமிலத்தைச் சங்கிலியாகக் கோத்துச் செய்யும் பிளாஸ்டிக்) டம்ளர். அதன் மூலக்கூறுச் சங்கிலி பாக்டீரியாவின் உடலுக்குள் நுழைய முடியாத அளவுக்கு நீளம். முதலில் சூடும் ஈரமும் சேர்ந்து அதை நறுக்க வேண்டும். மிஞ்சும் லாக்டிக் அமிலத்தைத்தான் பாக்டீரியா தின்னும். 60 டிகிரியை நெருங்கும்போதுதான் பி.எல்.ஏ. இளகி, தண்ணீருக்கு வழி விடும். வெறும் மண்ணுக்கு அந்தச் சூடு ஏது?

அதனால் குழி வேண்டாம், மக்கும்போது தானே சூடேறும் எருக் குவியல் போடுங்கள். நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒரு மீட்டராவது இருக்கட்டும். சிறிய குவியலில் சூடு நிற்காது. காய்ந்த இலை மூன்று பங்கு, பச்சைத் தழையோ சாணமோ ஒரு பங்கு. பாக்டீரியாவை விலைக்கு வாங்கத் தேவையே இல்லை. பழைய எரு ஒரு கூடை போட்டால் போதும், கோடிக்கணக்கில் வந்துவிடும். ஒரு பிடி அள்ளிப் பிழிந்தால் இரண்டு சொட்டு நீர் வரவேண்டும், அதுதான் சரியான ஈரம்.

பிளாஸ்டிக்கை விரல் நக அளவுக்கு வெட்டி, வெங்காயம் வரும் வலைப்பையில் போட்டு நடுவில் வையுங்கள். பிறகு தேட வேண்டியிருக்காது. நிறையப் போடாதீர்கள்; அதில் பாக்டீரியாவுக்கு வேண்டிய நைட்ரஜன் துளியும் கிடையாது, அமிலமும் கூடும். ‘ஆக்சோ’ என்று போட்ட பைகளைத் தொடவே வேண்டாம். அவை மக்குவதில்லை, பொடியாகச் சிதறி மண்ணில் தங்கிவிடும். ஐரோப்பிய ஒன்றியம் 2021இல் அவற்றைத் தடை செய்தது நல்ல காரியம்.

பி.எச்.ஏ. என்பது மக்கும் பிளாஸ்டிக்கில் இன்னொரு வகை; அப்படிப் போட்டிருந்தால் கவலை குறைவு. பாக்டீரியா தனக்காகக் கொழுப்பு போலச் சேர்த்துவைக்கும் பொருள் அது. 1926இலேயே லெமுவான் என்ற பிரெஞ்சு ஆய்வாளர் இந்த வகைப் பொருளை பாக்டீரியாவுக்குள் கண்டார். பி.எச்.ஏ. சாதாரண மண்ணிலேயே மக்கும்.

மூன்று நான்கு நாளில் குவியல் கொதிக்கத் தொடங்கும். நீளமான வெப்பமானியைக் குத்திப் பாருங்கள். 55 முதல் 60 வரை இருந்தால் நிம்மதி. 50க்குக் கீழே இறங்கினாலோ 70ஐத் தொட்டாலோ கிளறிவிடுங்கள். இறங்கியிருந்தால் பச்சைத் தழையும் சேருங்கள். புளித்த நாற்றம் வந்தால் காற்றில்லை என்று அர்த்தம், அப்போதும் கிளறத்தான் வேண்டும். சாம்பல் தூவியது போல் வெண்மை படர்ந்திருந்தால் பயப்படாதீர்கள். அது ஆக்டினோமைசீட் பாக்டீரியா. முதல் மழையின் மண்வாசனையும் இந்தக் குடும்பத்தின் வேலைதான்.

என் வலைப்பையில் முதலில் கண்ணாடி போலிருந்த துண்டுகள் பால் வெள்ளையாகின. அப்புறம் வளைத்தால் அப்பளம் போல் ஒடிந்தன. அதன் பிறகு விரலிடையில் மாவானது. ஐரோப்பியத் தரம் 12 வாரத்தில் பத்தில் ஒன்பது பங்கு 2 மில்லிமீட்டர் சல்லடையில் இறங்க வேண்டும் என்கிறது. அது பெரிய உரக்கூடத்துக்கான கணக்கு, நம் குவியலுக்கு இன்னும் நாளாகும். சல்லடையில் தங்கியதை நான் அடுத்த குவியலின் நடுவில் வைத்துவிடுகிறேன்.