மாண்டிசோரியில் முதல் இரண்டு வாரம்

ஜூன் மாதம் மாண்டிசோரியில், அதாவது பொருட்களைத் தானே எடுத்துச் செய்து குழந்தை கற்கும் மழலையர் பள்ளியில், சேரப்போகும் இரண்டரை, மூன்று வயதுக் குழந்தைக்கு மே மாதம் முழுக்க ஏ பி சி டி சொல்லிக்கொடுப்பது வீண் வேலை. போன புதிதில் அதை அங்கே யாரும் கேட்கப்போவதில்லை. செருப்பைக் கழற்றி ரேக்கில் வைக்கிறதா, டிபன் பாக்ஸைத் திறக்க வருகிறதா, ஒன்றுக்கு வந்தால் வாய்விட்டுச் சொல்கிறதா என்றுதான் பார்ப்பார்கள்.

வாங்கும்போதே யோசித்தால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். இடுப்பில் எலாஸ்டிக் வைத்த உடைதான் சரி. பெல்ட்டும் கொக்கியும் இருந்தால் கழற்றி முடிப்பதற்குள் ஈரமாகிவிடும். செருப்புக்கு வெல்க்ரோ போதும். நான்கு பக்கமும் கிளிப் போட்ட டப்பாவைப் பெரியவர்களே முக்கித்தான் திறக்க வேண்டியிருக்கிறது, அது வேண்டாம். வாங்கிய டப்பாவில் தினமும் ஒருவேளை இட்லியோ தயிர்சாதமோ வைத்துக் கொடுங்கள். தானே திறந்து, சாப்பிட்டு, மூடட்டும். ஊட்டிவிட்டே பழகிய குழந்தை பள்ளியில் பசியோடு அழும். அம்மாவைத் தேடுகிறது என்று நாம் நினைத்துக்கொள்வோம்.

இன்னொரு பயிற்சி, ஊற்றுவது. ஒரு தட்டில் இரண்டு சின்ன டம்ளர். ஒன்றில் பாதிவரை பச்சைப்பயறு. பேசாமல், மெதுவாக ஒருமுறை ஊற்றிக் காட்டிவிட்டுக் குழந்தையிடம் விடுங்கள். சிந்தாமல் ஊற்ற வந்தபின் பயறுக்குப் பதில் தண்ணீர், கூடவே ஒரு துணி. சிந்தினால் திட்டக்கூடாது, நாம் ஓடிப்போய்த் துடைக்கவும் கூடாது. முடிந்ததும் தட்டை எடுத்த இடத்திலேயே வைக்கச் சொல்லுங்கள். இதற்குக் காரணம் உண்டு. வகுப்பில் எந்தப் பொருளும் பெரும்பாலும் ஒரு செட்தான். 1 செ.மீ. முதல் 10 செ.மீ. வரையிலான 10 கட்டைகள் கொண்ட இளஞ்சிவப்புக் கோபுரத்தை ஒரு குழந்தை பாயில் அடுக்கிக்கொண்டிருந்தால், அது திருப்பி வைக்கும்வரை மற்றவர் காத்திருக்க வேண்டும். கேட்டதெல்லாம் உடனே கிடைத்த ஒற்றைப் பிள்ளைக்கு அம்மாவைப் பிரிவதைவிட இதுதான் கஷ்டம்.

பள்ளியில் நேரத்தைப் படிப்படியாகக் கூட்டுவார்களா என்று முன்பே கேளுங்கள். முதல் சில நாள் ஒரு மணி நேரம், பிறகு இரண்டு, இரண்டாம் வார முடிவில் முழு நேரம் என்பது நிதானமான கணக்கு.

கேட் அருகே எல்லாம் இரண்டு நிமிடத்தில் முடியவேண்டும். தினமும் ஒரே ஆள் கொண்டுபோய் விடுவது நல்லது. குனிந்து கண்ணைப் பார்த்து, “சாப்பிட்டு முடிச்சதும் அப்பா வந்துடுவேன்” என்று சொல்லி, ஒருமுறை அணைத்துவிட்டுக் கிளம்புங்கள். பதினொன்றரை மணி என்றால் குழந்தைக்குப் புரியாது; சாப்பாடு முடிந்ததும் என்றால் புரியும். சொன்ன நேரத்துக்குப் போயே ஆகவேண்டும். விளையாட்டுக் காட்டிவிட்டு நைசாக நழுவினால் அன்றைக்குத் தப்பிக்கலாம். மறுநாள் முதல் வீட்டில் பாத்ரூம் போனால்கூடக் கதவைத் தட்டி அழும். ஜன்னலில் எட்டிப் பார்ப்பதும் அப்படித்தான், அடங்கிய அழுகை மறுபடி ஆரம்பிக்கும். “அழுதா மிஸ் ஊசி போடுவாங்க” என்று தாத்தா பாட்டி சொல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சாக்லேட் லஞ்சமும் வேண்டாம், நாளுக்கு நாள் விலை ஏறும்.

முதல் மூன்று நாள் சிரித்துக்கொண்டே போன குழந்தை இரண்டாவது திங்கட்கிழமை கதறலாம். புதுமை போய், இது தினசரி என்று அப்போதுதான் உறைக்கிறது. நிறுத்திவிடாதீர்கள். காய்ச்சல் லீவுக்குப் பிறகும் இப்படி நடக்கும். “சும்மா நின்னு பார்த்துட்டே இருக்கான்” என்று ஆசிரியர் சொன்னாலும் கவலை வேண்டாம். இரண்டரை, மூன்று வயதிலிருந்து ஆறு வயதுவரை ஒரே அறையில் இருப்பதால், பெரிய பிள்ளைகளைப் பார்ப்பதே புதிதாக வந்ததற்குப் பாதி வேலை.

கூப்பிட்டு வந்ததும் கேள்வி கேட்டுக் குடையாமல் சோறு போட்டுத் தூங்கவிடுங்கள். மூன்று, நான்கு வாரம் கழித்தும் நீங்கள் கிளம்பி அரை மணி நேரமாகியும் அழுகை அடங்கவில்லை, தண்ணீர்கூடக் குடிப்பதில்லை, சிறுநீரை அடக்கிக்கொள்கிறது என்றால் ஆசிரியரோடு உட்கார்ந்து பேசி, பள்ளி நேரத்தை மறுபடி ஒரு மணி நேரமாகக் குறைத்துத் தொடங்குங்கள்.