வினைல் குளமா? முதலில் டிசம்பர் கிணற்றை எட்டிப் பாருங்கள்

என் கொழுந்தனார் நியூஜெர்சியில் இருக்கிறார். அவர் வீட்டுக் கொல்லையில் வினைல் லைனர் போட்ட நீச்சல் குளம் உண்டு. போன கோடையில் சென்னை கோட்டிவாக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தவர், கொல்லையைக் காலால் அளந்து பார்த்துவிட்டு, "அண்ணி, இங்க தாராளமா ஒண்ணு போடலாம். கான்கிரீட் அளவுக்குச் செலவு ஆகாது" என்றார். பேரன் அன்று மாலையே நீச்சல் கண்ணாடி கேட்டு அழ ஆரம்பித்துவிட்டான். சரி, விசாரித்துத்தான் பார்ப்போமே என்று இறங்கினேன்.

முதலில் இது என்ன வகைக் குளம் என்று புரிந்துகொள்ளுங்கள். குழி தோண்டி, சுற்றிலும் இரும்பு அல்லது பாலிமர் பலகைகளை நிறுத்தி, தரையை மணலும் சிமெண்டும் கலந்து மெழுகி, அதன்மேல் அளவெடுத்துச் செய்த வினைல் என்ற பிளாஸ்டிக் விரிப்பைப் போர்த்துகிறார்கள். விரிப்பின் கனம் முக்கால் மில்லிமீட்டரைத் தாண்டுவது அபூர்வம். அதைத் தரையோடு அழுத்திப் பிடித்திருப்பது உள்ளே நிற்கும் தண்ணீரின் எடைதான். அவர்கள் ஊரில் குளிரில் நிலம் உறைந்து இளகும்போது கான்கிரீட் விரிசல் விடும். வினைல் வளைந்து கொடுக்கும். நமக்கு அந்தக் கவலையே இல்லை. நம் கவலை கீழேயிருந்து வருகிறது.

வடகிழக்குப் பருவமழையில் நிலத்தடி நீர் மேலே ஏறும். வெளியே நிற்கும் நீர்மட்டம் குளத்தின் நீர்மட்டத்தைத் தாண்டினால் விரிப்பு தரையை விட்டு எழும்பிக்கொள்ளும். பிறகு மழை வடிந்து அது படிந்தாலும் சுருக்கங்கள் போகாது. சுத்தம் செய்யலாம் என்று மழைக்காலத்தில் குளத்தை இறைத்தால் கதை முடிந்தது.

அதனால் உங்கள் கொல்லையைப் பார்க்க வேண்டிய மாதம் மே அல்ல, நவம்பர் கடைசியும் டிசம்பரும்தான். கிணறு இருந்தால் ஓர் அடிக்கு ஒரு முடிச்சு போட்ட கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கி, தரைமட்டத்துக்குக் கீழே எத்தனை முடிச்சு நனையாமல் இருக்கிறது என்று எண்ணுங்கள். கிணறு இல்லாதவர்கள் குளம் வரப்போகும் இடத்தில் ஏழடிக்கு ஒரு குழி தோண்டி, வாயைப் பலகையால் மூடி, ஒரு வாரம் காலையில் எட்டிப் பாருங்கள். நாலரை அடி ஆழக் குளம் என்றால், அதன் அடித்தளத்துக்கு இன்னும் இரண்டடி கீழே நீர் நின்றால் நிம்மதியாக இருக்கலாம். அதற்கு மேலே வந்தால் வேண்டாம் என்பதே என் கட்சி. ஓரத்தில் ஒரு தொட்டி வைத்து மோட்டார் போட்டு இறைத்துக்கொள்ளலாம் என்பார்கள். அந்த மோட்டார் ஓடியே ஆக வேண்டிய ராத்திரியில்தான் நம் தெருவில் கரண்ட் இருக்காது. 2015 டிசம்பர் வெள்ளத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, நானே முதலில் யோசிக்காதது. 2003இல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கிய பிறகு வீட்டுக்கு வீடு ஒரு உறைகிணறோ கசிவுக்குழியோ இருக்கிறது. மொட்டைமாடித் தண்ணீர் முழுவதும் அதில்தான் இறங்குகிறது. அதன் பக்கத்தில் குளம் தோண்டினால் விரிப்புக்கு அடியில் நாமே தண்ணீர் ஊற்றிக் கொடுப்பதுபோல. செப்டிக் டேங்க் எங்கே என்றும் மறக்காமல் பாருங்கள்.

மண் ஏரியாவுக்கு ஏரியா மாறும். கோட்டிவாக்கம், திருவான்மியூர் பக்கம் மணல். தோண்டத் தோண்டக் கரை சரியும், பக்கத்து வீட்டுக் காம்பவுண்டுச் சுவரையும் கூட்டிக்கொண்டு வந்துவிடும். அண்ணா நகர், மேற்கு மாம்பலத்தில் களிமண். ஈரத்தில் உப்பி, வெயிலில் சுருங்கி, பலகைகளை நெருக்கும். கிண்டி, ஆதம்பாக்கத்தில் பாறை. உடைத்துத் தோண்டிய பள்ளத்தில் மழைநீர் வடிய வழியில்லாமல் கிண்ணம்போல நிற்கும்.

தண்ணீர்க் கணக்கு எளிது. 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், சராசரி 1.3 மீட்டர் ஆழம் என்றால் 41,600 லிட்டர். 12,000 லிட்டர் லாரியில் மூன்றரை லோடு. கோடையில் ஒரு நாளைக்கு 5 மில்லிமீட்டர் ஆவியானாலே 160 லிட்டர் போச்சு. நிரப்பாமல் விட்டால் மேல் ஓரத்து வினைல் வெயிலில் காய்ந்து விறைத்துவிடும். போர் தண்ணீர் ஊற்றலாமே என்றால், அதில் இரும்புச் சத்து இருந்தால் குளோரின் பட்டவுடன் பழுப்பாகி விரிப்பில் கறை ஏறும். 2019இல் குடத்தோடு லாரிக்கு நின்ற தெரு எங்களுடையது. அப்படி ஒரு கோடை திரும்ப வந்தால் நிரம்பிய குளத்தோடு அக்கம்பக்கத்தாரை எந்த முகத்தோடு பார்ப்பேன்?

மற்ற எதிரிகள் சின்னவர்கள். கோரைப்புல் முளை விரிப்பைக் கீழிருந்து குத்தித் துளைக்கும், எனவே கிழங்கோடு எடுக்க வேண்டும். தென்னை மரத்துக்கு அடியில் இடம் பார்க்காதீர்கள். மட்டை விழும், காயும் விழும். பிளீச்சிங் பவுடரை வாளியில் கரைத்துத் தெளிந்ததை ஊற்றாமல் அப்படியே தூவினால் துகள் படிந்த இடமெல்லாம் வெளிறும். நாய் வளர்ப்பவர்களுக்கு நகம். எங்கள் வீட்டுக் காக்கைகள் கோழி எலும்பைத் தண்ணீரில் நனைத்துத் தின்னும், அது தனிக் கதை.

இவ்வளவு கவனமாக இருந்தாலும் பத்து வருடத்தை ஒட்டி விரிப்பை மாற்ற வேண்டிவரும். அட்வான்ஸ் கொடுக்கும் முன்னரே, கிழிந்தால் யார் வந்து ஒட்டுவார்கள், மாற்று விரிப்பு எங்கிருந்து வரும் என்று கேளுங்கள். என்னிடம் பேசிய ஒருவர் இதற்கு மட்டும் பதில் சொல்லாமல் டைல்ஸ் நிறம் காட்டினார். வினைல்தான் வேண்டும் என்றால், கான்கிரீட் தொட்டி கட்டி, உள்ளே வலைநார் வைத்த ஒன்றரை மில்லிமீட்டர் பிவிசி தாளை அங்கேயே சூடுவைத்து ஒட்டும் முறையும் இருக்கிறது. செலவு கூடும், ஆனால் உறுதி.

கூடுவாஞ்சேரிக்கு அந்தப் பக்கம் மேட்டில் வீடு கட்டும் என் தங்கையிடம், தாராளமாகப் போடு என்றுதான் சொன்னேன். அவள் கிணற்றில் டிசம்பரிலேயே நீர் பதினெட்டு அடியில். எங்கள் கிணற்றில் அதே வாரம் கயிறு இறக்கினேன். தரைமட்டத்திலிருந்து மூன்றாவது முடிச்சே நனைந்து வந்தது. படம் எடுத்துக் கொழுந்தனாருக்கு அனுப்பினேன். "அண்ணி, அப்ப கிணத்துலயே நீச்சல் கத்துக் குடுத்துடுங்க" என்று பதில் வந்தது.