மாடித்தோட்டம் குரூப்ப வெச்சு கொஞ்சம் சம்பாதிக்கறது எப்படி, விதைய விக்காமலே

எங்க ஏரியா மாடித்தோட்டம் வாட்ஸ்அப் குரூப்ல முதல் ஒரு வருஷம் என்ன நடந்ததுன்னா காலைல குட்மார்னிங் படம், மதியம் யாராவது ஒருத்தர் மிளகாய் இலை சுருண்டு போன போட்டோ போடுவாங்க, அதுக்கு ஆறு பேர் ஆறு மருந்து சொல்லுவாங்க, சாயங்காலம் யாரோ வேற எதையோ ஃபார்வர்ட் பண்ணிட்டு போயிடுவாங்க, அவ்ளோ தான். 180 பேர் இருந்தோம், ஒருத்தர் முகம் இன்னொருத்தருக்கு தெரியாது. அப்புறம் ஒரு ஆனி மாச கடைசி ஞாயித்துக்கிழமை, குரோம்பேட்டைல எங்க மொட்டை மாடிக்கு வாங்க, கைல இருக்கற விதைய கொண்டு வாங்கன்னு ஒரு மெசேஜ் போட்டேன். நாலு பேர் வந்தாங்க. அந்த நாலு பேர்ல ஒரு அக்கா என் மிளகாய்ச் செடி இலைய திருப்பி பார்த்துட்டு, மேல் நோக்கி சுருண்டா இலைப்பேன், கீழ் நோக்கி சுருண்டா சிலந்திப்பேன், உனக்கு கீழ் நோக்கி இருக்கு பாரும்மான்னு சொன்னாங்க. ஒரு வருஷமா குரூப்ல போட்டோ போட்டு கிடைக்காத பதில் அது. இலைக்கு அடிப்பக்கம் போட்டோல தெரியாதுல்ல.

அதனால நான் சொல்ற முதல் விஷயம், சந்திப்ப முதல்ல வைங்க, குரூப்ப பெருசாக்கறது பிறகு. ரெண்டு வருஷம் முன்னாடி வேலைய விட்டப்ப, பொண்ணு ஸ்கூல் விட்டு வர நேரத்துக்கு நான் வீட்ல இருக்கணும், ஆனா கைல கொஞ்சம் காசும் வரணும்னு தான் இதுல இறங்கினேன், இப்ப வரைக்கும் அப்படியே தான் ஓடுது. கத்துக்கிட்டத வரிசையா இல்லாம ஞாபகம் வர்ற மாதிரி எழுதறேன்.

தேதி வைக்கறதுல அவசரப்படாதீங்க. ஆடிப்பட்டம் தேடி விதைன்னு சொல்றது நம்ம எல்லாருக்கும் தெரியும், ஆனா ஆடில சந்திச்சா லேட், விதை கைக்கு வந்து செடிப் பை ரெடி பண்ணி விதைக்கறதுக்குள்ள பாதி மாசம் போயிடும். அதனால ஆனி கடைசில ஒண்ணு, மார்கழி கடைசில தைப்பட்டத்துக்கு, அதாவது தை மாச விதைப்புக்கு ஒண்ணு, இந்த ரெண்டும் பெரிய சந்திப்பு. நடுவுல மாசம் ஒண்ணு சின்னதா யாராவது ஒருத்தர் மாடில. ஞாயிறு காலைல 7 மணிக்கு ஆரம்பிச்சு 9 மணிக்கு முடிச்சிடணும், அதுக்கு மேல சென்னை வெயில்ல யாரும் நிக்க மாட்டாங்க. ஐப்பசி கார்த்திகைல மாடி சந்திப்பே வேண்டாம், மழை, வழுக்கும். ஒரு மாடிக்கு 20 பேருக்கு மேல கூப்பிடாதீங்க, கைப்பிடிச் சுவர் உயரம் பார்த்துக்கோங்க, குழந்தைங்களோட வர்றவங்க கிட்ட முன்னாடியே சொல்லிடுங்க. அபார்ட்மெண்ட்னா அசோசியேஷன்ல ஒரு வார்த்தை கேட்டுட்டு பண்ணுங்க, இல்லன்னா அடுத்த தடவை மாடி சாவி கிடைக்காது.

விதை பரிமாற்றம் எப்படி நடக்கணும்ங்கறத நாங்க நெல் ஜெயராமன் ஐயா கிட்ட இருந்து தான் எடுத்துக்கிட்டோம். திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரெங்கத்துல 2006லேர்ந்து நெல் திருவிழா நடத்தினாரு, பாரம்பரிய நெல் விதை 2 கிலோ குடுப்பாங்க, வாங்கிட்டு போன விவசாயி அடுத்த வருஷம் 4 கிலோவா திருப்பி கொண்டு வரணும். அப்படியே தான் அத்தனை ரகம் ஊர் ஊரா பரவுச்சு. எங்களுக்கு கிலோ எல்லாம் இல்ல, ஒரு சிட்டிகை எடுத்துட்டு போறவங்க அடுத்த பட்டத்துல ரெண்டு சிட்டிகை கொண்டு வரணும். விதை இல்லாதவங்க முதல் தடவை வெறுங்கையா வரலாம், அவங்கள தான் நான் முக்கியமா கூப்பிடுவேன். ஒவ்வொரு பொட்டலத்து மேலயும் ரகம், எந்த மாசம் எடுத்தது, யார் மாடி, இந்த மூணும் எழுதி இருக்கணும். கடைல வாங்கின ஹைபிரிட் காய்லேர்ந்து எடுத்த விதைய பரிமாற்ற மேசைல வைக்க வேண்டாம்னு தெளிவா சொல்லுங்க, அது தாய்ச் செடி மாதிரி வராது. சுரை, பூசணி, பீர்க்கு எல்லாம் வேற ரகம் பக்கத்துல இருந்தா தேனீ கலந்து விட்டுடும், அதனால பொட்டலத்துல அதையும் எழுதிடறது நல்லது. வெங்காய விதை ஒரு வருஷம் தாண்டினா முளைக்கறது ரொம்ப குறையும். சந்தேகமா இருந்தா 10 விதைய ஈரத்துணில சுத்தி வெச்சு எத்தனை முளைக்குதுன்னு பார்த்துட்டு கொண்டு வாங்க, 6க்கு கீழ வந்தா மேசைக்கு வராது, இது எங்க வழக்கம்.

இப்ப காசு. நிறைய பேர் முதல்ல நினைக்கறது விதைய பாக்கெட் போட்டு வித்துடலாம்னு. பண்ணாதீங்க. விதைய வியாபாரமா விக்கணும்னா 1983 விதைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி லைசென்ஸ் வேணும், 1966 விதைச் சட்டத்துல நாற்றும் விதைங்கற சொல்லுக்குள்ள தான் வருது, மண்புழு உரம் பை போட்டு பேர் ஒட்டி விக்கறதுக்கு 1985 உரக் கட்டுப்பாட்டு ஆணை இருக்கு. லைசென்ஸ் எடுத்து நர்சரியா நடத்தறவங்க நடத்தட்டும், அது தனி தொழில். ஆனா சட்டத்த விட பெரிய காரணம் ஒண்ணு இருக்கு, விதைக்கு விலை வெச்ச அன்னிக்கு மேசைல விதை வைக்க யாரும் வர மாட்டாங்க, நான் குடுத்தத இவ விக்கறாளேன்னு மனசுல வந்துடும், அதுல நியாயமும் இருக்கு. பரிமாற்றம் எப்பவும் இலவசம். நான் காசு வாங்கறது என் நேரத்துக்கும் என் உழைப்புக்கும் மட்டும், அத வெளிப்படையா குரூப்லயே எழுதி பின் பண்ணி வெச்சிருக்கேன்.

அது என்ன உழைப்புன்னா ஒண்ணு வகுப்பு. நாற்று தட்டு போடறது, மண் கலவை, மீன் அமிலம், பஞ்சகவ்யா மாதிரி வீட்லயே செய்யற உரம், இப்படி ஒரு வகுப்புக்கு ஒரே விஷயம். நாற்று வகுப்புக்கு 12 பேர், ஆளுக்கு 350 ரூபா. 98 குழி தட்டு, தென்னை நார்க்கழிவு, ஒரு பை, சுண்டல், மோர் எல்லாம் சேர்த்து ஆளுக்கு எனக்கு 135 ரூபா ஆகுது, ஆட்டோ 300. எல்லாரும் காசு குடுத்து வந்தா 4200ல 1920 போக கைல 2280 நிக்கும். விதை பரிமாற்ற டப்பாலேர்ந்து வரும், அதுக்கு கணக்கு இல்ல. வந்தவங்க அவங்க கையாலேயே விதைச்சு தட்ட வீட்டுக்கு எடுத்துட்டு போவாங்க, கத்தரி தக்காளி 25, 30 நாள்ல பைக்கு மாத்தற அளவு வந்துடும், அந்த 30 நாளும் அவங்க குரூப்ல போட்டோ போடுவாங்க பாருங்க, நான் விளம்பரமே பண்ண வேண்டி வந்ததில்ல.

ரெண்டாவது மாடி பார்க்கறது, ஒன்றரை மணி நேரத்துக்கு 500 ரூபா, போய் வெயில் எங்க விழுது, தண்ணி எங்க தேங்குது, எந்தச் செடிக்கு என்ன நோய்னு பார்த்து சொல்லி ஒரு பேப்பர்ல எழுதி குடுத்துட்டு வருவேன். நல்ல மாசத்துல ரெண்டு வகுப்பு, ஆறு மாடின்னா 7500 ரூபா கிட்ட வரும். மழை மாசத்துல சில சமயம் ஒண்ணுமே இல்ல. இத சம்பளம் மாதிரி நம்பி கடன் வாங்கிடாதீங்க, தயவு செஞ்சு.

முதல் வகுப்புல நான் விலையே சொல்லல, உங்களுக்கு தோணினத குடுங்கன்னு விட்டுட்டேன், பேசி பழகினவங்க கிட்ட கேக்க கூச்சம். பொருள் செலவு கூட திரும்பல, அது கூட பரவாயில்ல, வந்தவங்களுக்கும் எவ்வளவு குடுக்கறதுன்னு தெரியாம சங்கடம், ரெண்டு பேர் அடுத்த சந்திப்புக்கே வரல. விலைய முதல்லயே சொல்றது தான் மரியாதை, அவங்களுக்கும் நமக்கும். முடியாதவங்களுக்கு ஒவ்வொரு வகுப்புலயும் ரெண்டு இடம் காசில்லாம ஒதுக்கறேன், யாருன்னு யாருக்கும் தெரியாது, எனக்கு தனியா மெசேஜ் போட்டா போதும்.

காசு வாங்கறப்ப ஸ்க்ரீன்ஷாட்ட நம்பாதீங்க, பேங்க் அக்கவுண்ட்ல வந்திருக்கான்னு பார்த்துட்டு பேர் எழுதுங்க. காசு நமக்கு வர்றதுக்கு யூபிஐ பின் போடவே வேண்டியதில்ல, போட சொல்லி யாராவது கேட்டா அது ஏமாத்து வேலை. வரவு செலவ ஒரு நோட்டுல எழுதுங்க. சேவைக்கு வருஷம் 20 லட்சம் வரைக்கும் ஜிஎஸ்டி பதிவு தேவைப்படாது, நம்ம கணக்கு அது பக்கத்துலயே போகாது, ஆனா வருமான வரி கணக்கு குடுக்கறவங்க இந்த வரவையும் அதுல காட்டிடுங்க.

குரூப் பத்தி ஒரு முக்கியமான விஷயம். சாதாரண வாட்ஸ்அப் குரூப்ல எல்லார் நம்பரும் எல்லாருக்கும் தெரியும். எங்க குரூப்ல சேர்ந்த ஒரு பொண்ணுக்கு ராத்திரி 11 மணிக்கு தேவையில்லாத மெசேஜ் வந்துச்சு, அவங்க யார்கிட்டயும் சொல்லாம வெளிய போயிட்டாங்க, எனக்கு ஒரு மாசம் கழிச்சு தான் தெரிஞ்சுது, இன்னி வரைக்கும் மனசு கஷ்டமா இருக்கு. அதுக்கப்புறம் வாட்ஸ்அப் கம்யூனிட்டியா, அதாவது பல குரூப் ஒண்ணா இருக்கற அமைப்பா மாத்திட்டேன், அதுல அறிவிப்பு குரூப்ல மத்த உறுப்பினர்களுக்கு நம்பர் தெரியாது. பேசற குரூப்புக்கு நேர்ல ஒரு சந்திப்புக்காவது வந்தவங்கள மட்டும் தான் சேர்க்கறேன். லிங்க பேஸ்புக்ல தூக்கி போடாதீங்க, போட்டாலும் அட்மின் ஓகே பண்ணா தான் உள்ள வர்ற மாதிரி வெச்சுக்கோங்க. வாட்ஸ்அப் குரூப்ல 1024 பேர் வரைக்கும் சேரலாம், டெலிகிராம்ல 2 லட்சம், ஆனா எனக்கு இப்ப இருக்கற 240 போதும்னு இருக்கு, அதுல 90 பேர் மாடிய நான் நேர்ல பார்த்திருக்கேன்.

ஒவ்வொரு சந்திப்பு முடிஞ்ச அன்னிக்கு சாயங்காலமே, யார் என்ன கேட்டாங்க, என்ன பதில் வந்துச்சு, யார் எந்த விதை எடுத்துட்டு போனாங்கன்னு ஒரு பதிவு போட்டுடுங்க. தள்ளி போட்டா மறந்துடும். வர முடியாதவங்களுக்கு அது தான் சந்திப்பு. அடுத்த பட்டத்துல ரெண்டு சிட்டிகை யார் தரணும்னு பார்க்கறதுக்கும் அந்தப் பதிவு தான்.

இந்த ஆனி சந்திப்பப்ப பொண்ணுக்கு காய்ச்சல், நான் போகல. முந்தின நாள் ராத்திரி விதை டப்பாவையும் நோட்டையும் அந்த மிளகாய் இலைய திருப்பி பார்த்த அக்கா வீட்ல குடுத்துட்டு வந்துட்டேன், பல்லாவரத்துல அவங்க மாடிலயே நடத்தினாங்க. 17 பேர் வந்தாங்க. சாயங்காலம் பதிவும் அவங்களே போட்டாங்க, அதுல கடைசி வரி, மூக்குத்தி அவரை விதை தீர்ந்து போச்சு, யார்கிட்ட இருந்தாலும் ஆடி வெள்ளிக்கு முன்னாடி சொல்லுங்க.